தெளிந்தபின் சந்தேகிக்கலாமா?

லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தால் எங்கள் நிர்வாக இயக்குநர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பி1 போதுமா, பி2 வேணுமா?" கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. ஈஆர்பி, சம்பளக் கணக்கு, டிசைன் வரைபடங்கள், மெயில் எல்லாம் இப்போது கிளவுடில்தான். எந்த ஊழியர் எந்த ஆப்பைத் திறக்கலாம் என்பதை மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி தீர்மானிக்கிறது. 2023 வரை அதற்கு அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். ஐடி பிரிவு என் பொறுப்பு என்பதால், எதை வாங்கலாம், எது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான்.

விற்க வருகிறவர்கள் இதை விலைப் பட்டியலாக விரிப்பார்கள். இலவசப் பதிப்பிலேயே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டு. பி1 வாங்கினால் கண்டிஷனல் ஆக்சஸ் கிடைக்கும். இந்த ஆப்பை இந்தப் பிரிவினர் கம்பெனி லேப்டாப்பில் மட்டும் திறக்கலாம் என்று விதி போடலாம். பி2 வாங்கினால் ஒவ்வொரு லாகினுக்கும் ரிஸ்க் மதிப்பீடு வரும். அட்மின் அதிகாரத்தைச் சில மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். யாரிடம் என்ன அனுமதி இருக்கிறது என்று அவ்வப்போது மறுபார்வை செய்யலாம். எனக்கு இது விலைக் கணக்காக ஒருநாளும் பட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்களை எந்த அளவுக்கு, எந்த விதத்தில் சந்தேகிப்பது நியாயம் என்பதைத்தான் அந்தப் பட்டியலில் டிக் அடித்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்ற அதிகாரம், ஓர் ஆளிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முன் அவரை எப்படி ஆராய வேண்டும் என்று பேசுகிறது. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் இரண்டு தவறுகளைச் சேர்த்து வைக்கிறார். ஆராயாமலே ஒருவரை நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பிய பிறகு அவர்மேல் சந்தேகம் கொள்வது மற்றொன்று. இரண்டுமே தீராத துன்பத்தில் கொண்டுபோய் விடும் என்கிறார். முதல் தவறைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவதுதான் என்னை உறுத்துவது. ஏனென்றால் என் தொழில் இன்று அதற்கு நேர் எதிரான கொள்கையின் மேல் நிற்கிறது. 2010ல் ஃபாரெஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் ஜீரோ டிரஸ்ட் என்ற கொள்கையை முன்வைத்தார். 2020ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அதற்குத் தனி ஆவணமே வெளியிட்டது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு முறையும் சரிபார் என்பது அதன் சாரம். கால் நூற்றாண்டு உழைத்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நின்று தங்களை நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியானால் வள்ளுவர் சொன்ன இரண்டாவது தவறைத்தான் மாதச் சந்தா கட்டி வாங்குகிறோமா?

கண்டிஷனல் ஆக்சஸ் விதியை முதலில் போட்டது கணக்குப் பிரிவுக்கு. அங்கே மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கம்பெனியை ஆரம்பித்தவர் இருந்த காலத்திலேயே சேர்ந்தவர். மறுநாள் காலையில் சம்பளப் பட்டியலைத் திறக்கப் போனவருக்கு ஸ்கிரீனில் இரண்டு இலக்க எண் ஒன்று வந்திருக்கிறது. அதே எண்ணை ஃபோனில் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் தட்டினால்தான் கதவு திறக்கும். நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, நாந்தானான்னு கேக்குதே, இது நீங்க சொல்லித்தான் கேக்குதுங்களா?"

"ஆமாங்ணா, நாந்தான் போட்டேன்."

"அப்ப என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?"

பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பெயரில் உள்ள சைன்-இன் லாக்கைத் திறந்து காட்டினேன். தேதி, நேரம், ஐபி எண், நாடு, ஆப்பின் பெயர், தேறியதா தவறியதா என்று ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி. கோவையிலிருந்து அவர் தேறிய வரிகளுக்கு இடையில், அவர் பெயர் கேள்விப்பட்டே இராத ஊர்களிலிருந்து தவறிப்போன வரிகள் கிடந்தன. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "ராத்திரி ரெண்டே முக்காலுக்கு நான் தூங்கிட்டில்ல இருந்தேன்" என்றார்.

"அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்ணா. கம்ப்யூட்டருக்கு உங்க மொகம் தெரியாது. உங்க பேரும் பாஸ்வேர்டும் யார் கொண்டு வந்தாலும் அதுக்கு நீங்கதான்."

என் பதிலின் மொத்தமும் இதற்குள் இருக்கிறது. வள்ளுவர் பேசும் தெளிவு ஒருவரின் குணத்தைப் பற்றியது. என்ட்ரா ஐடி சோதிப்பது, இந்த நிமிடம் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்வது அவர்தானா என்பதை. பெரியவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு இருக்கும் உறுதி, அவர் பெயரில் வரும் எல்லா லாகினுக்கும் பொருந்தாது. அவருடைய நேர்மைக்கு மதிப்புக் கொடுக்கிறவள், அவர் பெயரை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த விடக்கூடாது. கிண்டர்வாக்கும் இதைத்தான் விளக்கி வந்திருக்கிறார்: அவர் பேசியது நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பற்றி, ஊழியர்களின் ஒழுக்கத்தைப் பற்றி அல்ல.

ஆளும் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு 2021ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு மூடப்படாமல் கிடந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை, பாஸ்வேர்டு மட்டும். அந்த வழியாகத்தான் தாக்கியவர்கள் நுழைந்தார்கள். நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் நாள்கணக்கில் நின்றது. அந்தக் கணக்கை உரியவர் யாரும் அப்போது பயன்படுத்தவில்லை. பெயர் மட்டும் வேலை பார்த்தது.

இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. "உங்களைச் சந்தேகிக்கவில்லை, உங்கள் லாகினைத்தான்" என்று நான் சொன்னாலும், நாளுக்குப் பத்து முறை எண்ணைத் தட்டுகிறவருக்கு அது தன்மேல் விழும் சந்தேகமாகத்தான் படும். அவர் உணர்வதைத் தவறு என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எம்ஐடியின் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975ல் எழுதிய கட்டுரையில் எட்டுக் கோட்பாடுகள் இருக்கின்றன. வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் அனுமதி தராதே, ஒவ்வொரு அணுகலையும் சரிபார் என்ற இரண்டையும் எங்கள் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். கடைசிக் கோட்பாட்டை மறந்துவிடுவார்கள்: பயன்படுத்துகிறவர் மனம் ஏற்கும்படி பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது அது. 2022ல் ஊபரில் ஓர் ஒப்பந்த ஊழியருக்குத் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேட்டு அறிவிப்புகள் போயின. கடைசியில் ஒன்றுக்கு அவர் சரி கொடுக்க, தாக்கியவர் உள்ளே வந்துவிட்டார். ஓயாமல் கேட்கிற சந்தேகம் ஆளை நோகடிக்கும். பாதுகாப்பையும் அதுவே கெடுத்துவிடும். எங்கள் விதிப்படி, ஆபீசுக்குள் கம்பெனி லேப்டாப்பில் மெயில் திறப்பவரை எண் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. பேங்க் பேமென்ட்டும் சம்பளமும் என்றால் கேட்போம், நிர்வாக இயக்குநரே ஆனாலும்.

பி2வில் வரும் ரிஸ்க் மதிப்பீட்டைப் பற்றி எனக்கு எச்சரிக்கை அதிகம். லாகினுக்கு ஒரு மதிப்பீடு, கணக்குக்கு ஒரு மதிப்பீடு என்று இரண்டு தருகிறது. இரண்டும் கணிப்பது, கணக்கு வேறொருவர் கையில் சிக்கியிருக்குமோ என்பதைத்தான். ஆனால் ரிப்போர்ட்டில் வரிசையாக இருப்பது மனிதர்களின் பெயர்கள். ஒருமுறை வேறொரு பிரிவிலிருந்து, இன்கிரிமென்ட் பேச்சு நடக்கும் சமயத்தில், அந்தப் பட்டியலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். பாஸ்வேர்டு கசிந்தது அதில் பெயர் உள்ளவரின் குற்றம் ஆகாது. அந்தக் காகிதம் மேஜை மாறினால், லாகின்மேல் இருந்த சந்தேகம் அவர்மேல் ஏறிவிடும், பிறகு இறங்காது.

பி2வுக்கு வெளியே இன்னொன்று உண்டு, போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி ஊழியர்களைச் சோதிக்கும் வசதி. இது பழைய சங்கதி. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் முதல் குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கின் வழியாக ஒருவரை ஆராயச் சொல்கிறது. பரிமேலழகர் அதற்கு உரை சொல்லும்போது, அரசனே ஆள் ஏவி, சதி நடப்பதுபோல் காட்டி அமைச்சரின் மனத்தை அறியும் நான்கு உபாயங்களாக விரிக்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் அந்த நான்கும் உண்டு. ஆனால் அவற்றை விவரித்த கையோடு கௌடில்யர் ஓர் எல்லையும் போடுகிறார்: கெடாதவரைச் சோதனையால் கெடுத்துவிடாதே, நல்ல தண்ணீரில் நஞ்சு கலப்பதுபோல் ஆகிவிடும் என்று. ஒற்றர் ஆட்சிக்கே இலக்கணம் எழுதியவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. தீபாவளி போனஸ் பட்டியல் என்று தலைப்புப் போட்டுப் போலி மெயில் அனுப்பினால், ஃபிட்டர் முதல் டெஸ்பாட்ச் வரை எல்லோரும் திறப்பார்கள். கடன் வாங்கிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியவர் முதலில் திறப்பார். அவருடைய தேவையைத் தூண்டிலாக்கி எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்? கூரியர் மெயில், பாஸ்வேர்டு முடியப் போகிறது என்ற மெயில் போன்றவற்றை வைத்துப் பயிற்சி தரலாம். சம்பளத்தையும் வேலை பயத்தையும் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வள்ளுவர் சொன்ன முதல் தவறும் இதே மென்பொருளுக்குள் இருக்கிறது. அனுமதி மறுபார்வையைத்தான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேலாளருக்கும் பட்டியல் போகும்: இவர்களுக்கு இந்த ஆப் இன்னும் வேண்டுமா? எல்லாப் பெயரையும் ஒரே டிக்கில் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆடிட்டருக்கு அது ஆராய்ந்ததாகத் தெரியும். யாரும் எதையும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே மேலாளர்களோடு உட்கார்ந்து கேட்கிறேன். ஸ்டோர்சிலிருந்து பர்ச்சேசுக்கு மாறிய பையனுக்கு இன்னும் ஸ்டாக் திருத்தும் அனுமதி எதற்கு? நல்ல பையன்தான், சந்தேகமில்லை. ஆர்டர் போடுகிறவரே ஸ்டாக்கையும் திருத்தலாம் என்று விட்டு வைத்தால், ஒருநாள் கணக்கில் குறையும்போது முதல் பழி அவன்மேல்தான் விழும். கூடுதல் அனுமதியை எடுத்துவிடுவது அவனுக்குச் செய்யும் பாதுகாப்பு.

அதிகாரம் அதிகம் உள்ளவரை அதிகமாகச் சோதிக்க வேண்டும் என்பதையும் நான் நியாயத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். இந்தக் கம்பெனியில் மற்றவர் மெயில் பெட்டியையே திறந்து பார்க்கும் நிலைக்கு வரக்கூடியவள் நான். அதனால் எனக்கு நிரந்தர அட்மின் உரிமை இல்லை. வேண்டும்போது காரணம் எழுதிக் கேட்பேன், இன்னொருவர் ஒப்புதல் தருவார், சில மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும்.

இத்தனை பூட்டுக்குப் பிறகும் ஓர் இடத்தில் மனிதரை நம்பித்தான் ஆக வேண்டும். விதியை யாராவது தப்பாகப் போட்டு எல்லோரும் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே போக, குறைந்தது இரண்டு அவசரக் கணக்குகள் வைத்திருக்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளிலிருந்து அவற்றை விலக்கி வைத்திருக்கிறோம். அவற்றின் செக்யூரிட்டி கீகளை அரக்கு வைத்த உறைகளில் போட்டு, ஒன்றைக் கணக்குப் பிரிவின் இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றை நிர்வாக இயக்குநர் வீட்டிலும் வைத்திருக்கிறோம். பயன்படுத்தினால் உடனே அலர்ட் வரும். பயன்படுத்துவதைத் தடுக்க எதுவும் கிடையாது. அந்த இரண்டு இடங்களையும் வள்ளுவர் சொன்ன முறையில்தான் தேர்ந்தெடுத்தோம்: முன்னால் நன்றாக ஆராய்ந்தோம், பின்னால் கேள்வி கேட்கவில்லை.

இந்த வருடக் குறிப்பில் எல்லோருக்கும் பி1, அட்மின்களுக்கும் பணம் கையாளும் பிரிவுக்கும் பி2 என்று எழுதியிருக்கிறேன். ஸ்மார்ட்ஃபோன் இல்லாத ஷாப் ஃப்ளோர் தொழிலாளிக்கு அவர் செலவில்லாமல் செக்யூரிட்டி கீ. ரிஸ்க் பட்டியல் ஐடி பிரிவை விட்டு வெளியே போகாது. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே, தன் பெயரில் எங்கிருந்தெல்லாம் நுழைய முயன்றார்கள் என்று தானே பார்த்துக்கொள்ளும் மை சைன்-இன்ஸ் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு லைசென்ஸ் எதுவும் வாங்க வேண்டியதில்லை.