கணக்கெழுதியவர் மீதும் பாவமா?

ஆம்பூரில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து மஸ்அலா கேட்டார். தோல் கம்பெனியொன்றில் கணக்கெழுதுபவர். கம்பெனியின் பெயர் நமக்குத் தேவையில்லை. கிடங்கில் எட்டாயிரம் தோல் இருந்தால், பேங்குக்கு அனுப்பும் சரக்கிருப்புப் பட்டியலில் இருபதாயிரம் என்று எழுதச் சொல்கிறாராம் முதலாளி. கடன் வரம்பு குறையக் கூடாதல்லவா! ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போது அதே கிடங்கில் தோல் ஐயாயிரமாகச் சுருங்கிவிடுகிறது. "சொல்வது அவர், எழுதுவது நான். பாவம் யாருக்கு ஹஜ்ரத்?" என்றார். (பேங்க் வட்டியின் ஹுக்மு தனி விஷயம்; இங்கே அதில் நுழையவில்லை.)

இதே நோய் பெரிய உருவில் ஹைதராபாத்தில் வெளிப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, தம் நிறுவனக் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே கடிதம் எழுதினார். சிறிய இடைவெளியாகத் தொடங்கியதாம், ஆண்டுக்காண்டு வளர்ந்துவிட்டதாம். தாம் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்.

இந்தக் கடைசி வாதம் நம் ஊர்களிலும் அடிக்கடி கேட்பதுதான். "எனக்காகவா செய்தேன்? கம்பெனி நிற்க வேண்டும், நூறு குடும்பம் சாப்பிட வேண்டும்." கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸை எண்ணிப் பாருங்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அது பொய்யல்ல; மழை அவர் குற்றமுமல்ல. அவருக்கு எவ்வளவு லாபம் என்றும் நாயகம் கேட்கவில்லை. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். நஷ்டம் வருவது பாவமல்ல. அதை அடியில் மூடி வைப்பதே மோசடி. அந்த எண்ணை நம்பிப் பங்கு வாங்கியவன், கடன் கொடுத்தவன், ஜகாத்தை எதிர்பார்த்து நின்ற விதவை, எல்லோருமே மேலே இருந்த காய்ந்த தானியத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள்.

அப்படியானால் எழுதியவர்? 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தலைவரும் அவர் தம்பியும் மட்டுமல்ல; தணிக்கையாளர்கள் இருவரும், நிதிப் பிரிவு ஊழியர்களும் அதில் இருந்தார்கள். (மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தப்பட்டு ஜாமீனில் வந்தார்கள்.) நம் மார்க்கத்தில் இது புதிதல்ல. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டுமென்று அல்பகராவின் 282-ஆம் வசனம் தனியே கட்டளையிடுகிறது. வட்டி வாங்குபவனோடு அதை எழுதுபவனையும் சாட்சிகளையும் சேர்த்தே சபித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் உண்டு. வேலை போய்விடும் என்ற அச்சம், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்னும் நிர்ப்பந்தமாகாது.

ஆனால் அவர் சுமையைச் சொல்லி முதலாளியின் சுமையைக் குறைக்க முடியாது. மேய்ப்பர் அவரே. ஏழை ஊழியனின் பேனாவைக் கொண்டு பொய் எழுதியது, பொய்க்கு மேல் இன்னொரு அநியாயம்.

இவ்வளவும் சொன்னதும் சகோதரர் நெடுநேரம் பேசவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண் மக்கள் இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஜும்ஆவுக்கு முதலாளியையும் அழைத்து வாருங்கள், நாமே பேசுகிறோம் என்றோம். இருவரையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.