உயிர் காக்கும் சவ்வும் கொல்லா விரதமும்

நோயுற்ற நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டித் தைத்தபின், தையல் துளைகளின் வழியே காற்றுக் கசிவதுண்டு. ஊதிப் பெருத்து நைந்த நுரையீரலில் இக்கசிவு பல நாள் நீடிக்கும்; மார்பில் செருகிய குழாயுடன் நோயாளி துன்புறுவார். மாட்டின் இதயத்தைப் போர்த்தியுள்ள சவ்வைப் பதப்படுத்திக் கீற்றுகளாக்கி, தையலுக்கு அணையாக வைக்கும் முறையை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜோயல் கூப்பர் 1994-இல் வெளியிட்டார். பின்னர் நடந்த ஆய்வுகளில் கசிவு நாள்கள் குறையக் கண்டனர்.

கொல்லாமையை அணுவிரதமாகப் பூண்ட இல்லறத்தார் இச்சவ்வை ஏற்கலாமா?

“மாடு இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது; சவ்வு எஞ்சிய பொருள்தானே” என்பர் சிலர். இவ்வாதம் புதிதன்று. தாம் கொல்லாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தர்க்கு நீலகேசி அன்றே மறுப்புரைத்தது. வாங்குவோர் உள்ளவரை விற்போர் உளர், சவ்வுக்கும் விலையுண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினைக்கு வாயிலாகக் கொள்வது நம் நெறி.

எனினும் நாவின் சுவைக்கு உண்பதும், மூச்சுக்குப் போராடுவோர் சிகிச்சை பெறுவதும் ஒன்றாகா. கவனமின்மையொடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். ஆகவே, மாற்று வழி உண்டா என்று தேடினோமா என்பதே நம்மை அளக்கும் கோல். இங்கு மாற்று உண்டு. நோயாளியின் விலாவிடைத் தசையையோ மார்பின் உட்சவ்வையோ கொண்டே மூடலாம். செயற்கை இழைக் கீற்றுகளும் உள. பல கசிவுகள் குழாயிட்டுக் காத்திருந்தால் தாமே ஆறும். எது எவர்க்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே அறிவார்.

மந்தைவெளி என்னும் நம் ஊர்ப்பெயர் மாடுகள் மேய்ந்த வெளியை நினைவூட்டும். இன்று அவ்விலங்கு நம் கண்ணில் படாமல், உறையிட்ட கீற்றாக அறுவை அரங்கை அடைகிறது. காணாதபோது கவனம் தளர்வது இயல்பு. ஆதலால், எப்பொருளை வைப்பீர்கள், மாற்று உண்டா, அதனால் இடர் கூடுமா என்று முன்னரே கேட்பது கடமை.

வேறு வழியின்றி ஏற்றவரைப் பழித்தல் தகாது. விரதம் ஒருவர் தமக்கென எடுப்பது. பிறர் மூச்சைப் பணயம் வைத்துக் காப்பதன்று. நினைவிழந்த பெற்றோர்க்காக முடிவெடுக்கும் மக்கள், தம் நோன்பை நோக்காது அவர் விருப்பத்தை நோக்குக. அவ்விருப்பத்தை நலமுடன் உள்ளபோதே சொல்லி வைப்பது பெரியோர் கடன்.