ஆள்வோர் பிள்ளையும் ஊர்ப் பள்ளியும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்மொழிக் கொள்கையைக் குறித்துத் தமிழ்நாட்டில் எழுந்த வாதம், மார்ச் மாதத்துக்குள் வேறொரு கேள்வியில் வந்து நின்றது. மும்மொழியை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திட மறுத்ததை அடுத்து, அரசுப் பள்ளிகளின் செலவில் ஒன்றிய அரசு தன் பங்கைத் தருவதற்கு வழியாக இருக்கும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின்கீழ் 2024–25இல் வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. கொள்கையையும் பணத்தையும் பற்றித் தொடங்கிய அவ்விவாதம், எந்த அமைச்சரின் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கிறது, எந்தக் கட்சிக்காரரின் பள்ளியில் எத்தனை மொழி கற்பிக்கப்படுகிறது என்ற ஏச்சாக மாறி, சில வாரங்கள் நாளிதழ்களை நிரப்பிவிட்டு அடங்கியது. எதிராளியின் வாயை அடைப்பதற்காகவே இரு தரப்பும் அக்கேள்வியை எழுப்பின. விடை இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனினும், அரசுப் பள்ளிகளுக்குச் சட்டம் இயற்றும் ஒருவர் தம் பிள்ளையை அப்பள்ளிகளில் சேர்க்கக் கடமைப்பட்டவரா என்பது மேடைப் பேச்சோடு கழிந்துவிடத்தக்க கேள்வி அன்று.

கடமைப்பட்டவர் என்பதே இங்கு எட்டப்படும் முடிவு. இக்கடமை சட்டத்தால் திணிக்கத்தக்கதா என்பது வேறு. தனி ஓர் உறுப்பினரின் வீட்டு விவகாரத்தைத் துருவுவதும் இங்கு நோக்கமன்று. சட்டமன்ற உறுப்பினர் என்ற பதவியோடு சேர்ந்து வரும் பொறுப்பே இங்கு ஆராயப்படுவது. ஒரு பொருளைப் பிறருக்கு இது போதும் என்று அளந்து கொடுக்கும் அதிகாரம் உடையவர், அது தமக்கும் போதும் என்று காட்டும் பொறுப்பையும் உடன் ஏற்கிறார்.

இப்பொறுப்பின் கனத்தை உணர விழுப்புரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வது தகும். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய மாவட்ட எல்லையில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலத்தின் அளவோ 80.09. செஞ்சி, மயிலம், வானூர், விக்கிரவாண்டி, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டால் போக்கிடம் இல்லை. இயன்றவர்களோ வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே எல்லாம் செம்மையாக இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து, நான்கு வயதுகூட நிரம்பாத எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இறந்தபோது, அந்த நம்பிக்கைக்கும் உத்தரவாதம் இல்லை என்பது தெரிந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையானதும் கூரை வேய்ந்த ஒரு தனியார் பள்ளியில்தான். அரசுப் பள்ளி நம்பத்தக்கதாக இல்லாத இடத்தில், நம்பத்தகாத தனியார் பள்ளியும் மாணவர்களைப் பெற்றுவிடுகிறது.

சட்டம் செய்பவரும் அச்சட்டத்தின் விளைவைச் சுமப்பவரும் வெவ்வேறு உலகங்களில் வாழ்ந்தால் நேர்வது என்ன என்பதற்கு 2011ஆம் ஆண்டே போதிய சான்று. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன் முதலிய நான்கு முறைகளையும் ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் நிறைவேறி, முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் நடப்புக்கு வந்திருந்தது. மற்ற வகுப்புகளுக்கான நூல்களும் அச்சாகிவிட்டன. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை நிறுத்த முனைந்து, ஜூன் மாதத்தில் பேரவையில் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தவர் விழுப்புரம் தொகுதியின் உறுப்பினரும் திண்டிவனத்தைச் சேர்ந்தவருமான சி.வி. சண்முகம். ஜூலை 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லாதென அறிவித்தது; ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, பத்து நாட்களுக்குள் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பழைய பாடத்திட்டம் மேலா, புதியது மேலா என்பதில் நேர்மையான கருத்து வேற்றுமைக்கு இடமிருந்தது. ஆனால் ஜூன் 15 அன்று பள்ளி திறந்ததிலிருந்து எட்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான வகுப்புகளில் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், பத்தாம் வகுப்பு மாணவர்கள் உட்பட. மத்திய வாரியப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்த எட்டு வாரமும் வழக்கமான எட்டு வாரமே. சட்டம் செய்த இரு வரிசையினரின் பிள்ளைகளும் நூலின்றி வீடு திரும்பியிருந்தால், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

பத்தாண்டு கழித்து விழுப்புரத்தில் இதே கதை உயர்கல்வியில் நடந்தது. 2021 பிப்ரவரியில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து அங்கு ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் பேரவையில் நிறைவேறியது. தொடங்கியதை ஆதரித்து வழக்காடிய சி.வி. சண்முகமும், இணைத்த துறையின் அமைச்சராக இருந்த க. பொன்முடியும் ஒரே மாவட்டத்து அரசியலில் வளர்ந்தவர்கள். இடையில் சேர்ந்த மாணவர்களின் பட்டம் எந்தப் பெயரில் வரும் என்ற கவலையை இரு தரப்பின் உரைகளிலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆள்வோனின் குருதி உறவும் குடிகளின் பிள்ளைகளும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்பதைத் தமிழ் மரபு மிகக் கடுமையான முறையில் கற்பித்துள்ளது. திருவாரூரில் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே நிறுத்துகிறார். அமைச்சர்கள் சொன்ன பரிகாரத்தை மன்னன் ஏற்க மறுத்ததே அக்கதையின் உயிர்நாடி. தன் தீர்ப்பு பிழைத்தது என்று அறிந்த கணமே அரியணையில் உயிர் நீத்த பாண்டியனை இளங்கோ காட்டுகிறார். உலகின் உயிராவது நெல்லும் நீருமன்று, மன்னனே என்று மோசிகீரனார் புறநானூற்றில் சொல்லும்போது, அதை மன்னனின் பெருமையாக அல்ல, அவன் நினைவில் இருத்த வேண்டிய கடமையாகச் சொல்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் வேந்தனைத்தான் பழிக்கும் என்று வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனை எச்சரிக்கிறார். கல்வியின் உயர்வை ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடும்போது, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேகூடக் கற்றவன்பால் மனம் சாயும் என்கிறான். வள்ளுவரோ, பிறர் குறையைப் பார்க்கப் புகுமுன் தன் குறையைக் களைந்துகொண்ட தலைவனுக்கு வேறு குற்றம் இல்லை என்று குற்றங்கடிதல் அதிகாரத்தில் வகுத்துவைத்தார்.

இச்சான்றுகள் தொலைதூரத்தவை என்று ஒதுக்குவோருக்குத் திண்டிவனமே விடை தருகிறது. இன்று அந்நகரின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில், ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் அவனுடைய கொடையின் அளவை மட்டும் சொல்லி அமையவில்லை. பாணர் உண்ணும் இடத்தில் மன்னன் தானே நின்று பரிவோடு ஊட்டுவதையும் சொல்கிறார். உணவை அனுப்பி வைப்பதற்கும் பந்தியில் உடன் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை, காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு தொகுதி உறுப்பினரும் அறிந்திருப்பது நல்லது.

அதே வட்டாரம் அண்மைக் காலத்திலும் ஒரு சான்றைத் தந்துள்ளது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக, அதாவது இன்றைய முதலமைச்சரின் நிலையில் இருந்தார். சொந்தக் கட்சி உறுப்பினர்களின் பரிந்துரைகளுக்குக்கூட இடம் கொடாதவர் என்ற பெயரே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது என்பர். பதவி போனபின் அவர் போய்ச் சேர்ந்த இடம் வள்ளலாரின் வடலூர். ஆதரவற்ற பிள்ளைகளின் உணவிலும் கல்வியிலுமே பின்னாட்களைச் செலவிட்டார். தம் மாவட்டத்து மூத்தவரின் சிலைக்கு மாலையிடுவோர் அவர் வாழ்ந்த முறையை நினைப்பதில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் கூற வேண்டும். பிள்ளை அரசியல்வாதியின் கொடி அன்று. தந்தையின் கொள்கையை மெய்ப்பிக்கும் பொருட்டு ஒரு சிறுமியின் படிப்பைப் பணயம் வைக்கலாகாது என்பர். மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடன் என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்ற சட்டத்தை 1925இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெற்றோரின் உரிமையைப் பறிப்பதாகக் கூறி நீக்கியது. இவை மதிக்கத்தக்கவை. ஆயினும் ஓரிகன் சட்டம் எல்லாப் பெற்றோரையும் கட்டியது. இங்குப் பேசப்படுவதோ தாமாக முன்வந்து வாக்குக் கேட்டுப் பதவி பெற்றவர்களைப் பற்றி மட்டுமே. மேலும், தந்தையின் கடனைச் சொன்ன குறளுக்கு அடுத்த குறளிலேயே, மக்களின் அறிவுடைமை பெற்றவரைக் காட்டிலும் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனியது என்று வள்ளுவர் வீட்டின் வாசலைத் திறந்துவிடுகிறார். அரசுப் பள்ளியில் சேர்ப்பது தம் பிள்ளைக்குக் கேடு என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் உண்மையாகவே கருதினால், தம் பொறுப்பில் உள்ள தொகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அக்கேடு நாள்தோறும் நேர்கிறது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்பதுதான் பொருள்.

இக்கடமையைச் சட்டமாக்கும் முயற்சி பலிக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஆசிரியர் நியமனம் பற்றிய வழக்கொன்றில், அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியமோ பயனோ பெறும் அலுவலர், மக்கள் பிரதிநிதிகள், நீதிபதிகள் ஆகிய அனைவரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு 2015 ஆகஸ்ட் 18 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஏட்டளவில் நின்றது. கட்டாயத்தால் வராதது தன்விருப்பால் வந்ததற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும், 2019இல் திருநெல்வேலி ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் குழந்தையை அங்கன்வாடியிலும் சேர்த்தனர். இரண்டும் அதிகாரிகளின் செயல். வாக்குப் பெற்றவர்களிடமிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால் நாளிதழ்கள் வியந்து வெளியிடுகின்றன. வியப்பதற்கு இடமிருப்பதே வெட்கத்துக்குரியது.

பிள்ளை அங்கே படித்தால் என்ன மாறும் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அவர் பரிந்துரைக்கும் பணிகளை மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. நிலையான சொத்து உருவாக்குவதே இந்நிதியின் நோக்கம் என்பதால், பள்ளிக்கு வகுப்பறையும் சுற்றுச்சுவரும் கிடைக்கின்றன, அவற்றின்மேல் கொட்டை எழுத்தில் ஒரு பெயரும் இடம்பெறுகிறது. கழிப்பறையைத் தினமும் கழுவும் பணியாளருக்கான ஊதியம் அதில் வராது. கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போன இடம் நிரம்பாததும் அந்நிதிக்கு அப்பாற்பட்டது. பெயர்ப்பலகை வைக்க முடியாத இக்குறைகளை வெளியிலிருந்து பார்ப்பவர் காண்பதில்லை. மாலையில் வீட்டுப் பாடக் குறிப்பேட்டைப் புரட்டும் பெற்றோர் காண்கிறார். கல்வி உரிமைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று வகுத்ததும் இது கருதியே. அக்குழுவில் ஓர் எம்.எல்.ஏ. சிறப்பு விருந்தினராக மேடையில் அமராமல், மகளின் தந்தையாகப் பாயில் அமர்ந்தால் தலைமையாசிரியர் பேசும் பேச்சே வேறாகும். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாதவர் இதிலிருந்து தப்பிக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுள் பலருக்குப் பேரனோ பேத்தியோ இருக்கக்கூடும்.

வேட்பாளர் தம் சொத்து, குற்ற வழக்கு, கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால் வந்த நடைமுறை. பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ இன்றி, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்னும் மூன்றில் ஒன்றைக் குறிக்கும் ஒரு வரியை அதில் சேர்ப்பதால் எவர் உரிமையும் கெடாது. வாக்காளர் அதைப் பொருட்படுத்தலாம், படுத்தாமலும் போகலாம்.

அந்த வரியின் கண்ணில் படாத சில பிள்ளைகளும் விழுப்புரம் மாவட்டத்தில் உண்டு. பழங்குடியினருக்குரிய இனச்சான்றைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலைக்குப் பெயர்ந்துகொண்டே இருக்கும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள், சான்று கேட்டுத் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்தின் படிகளில் காத்திருக்க நேர்ந்ததையும், சான்றில்லாமல் மேற்படிப்பு நின்றுபோனதையும் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்துள்ளனர். எந்த எம்.எல்.ஏ.வின் பிள்ளையும் அப்படிகளில் காத்திருந்ததில்லை. கோட்ட அளவில் நிலுவையிலுள்ள இனச்சான்று மனுக்கள் எத்தனை, அவற்றுள் பள்ளி மாணவர்களுடையவை எத்தனை, எவ்வளவு காலமாக நிற்கின்றன என்று பேரவையில் கேள்வி எழுப்பும் உரிமை மாவட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. தம் வீட்டுப் பிள்ளையின் வகுப்புத் தோழர் ஒருவர் அவ்வரிசையில் நின்றிருந்தால் அக்கேள்வி எந்தக் கூட்டத்தொடரிலும் விடுபட்டிராது.