நெகட்டிவ் போடுவதும் போடாமல் விடுவதும்

இணைய ஏலத்தில் எடுத்த பழைய ஃபிலிம் கேமரா ஒன்று பார்சலில் வந்து சேருகிறது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்றுதான் விற்பவர் எழுதியிருந்தார். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறது. புகார் போனதும் பதில் வருகிறது: பணம் முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறேன், கேமராவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நெகட்டிவ் மதிப்பீடு மட்டும் போட்டுவிடாதீர்கள். வாங்கியவருக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை. அவர் ஒப்புக்கொள்ளலாமா?

கூடாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறுவது அவருடைய உரிமை. ஆனால் அவர் வாய்மூடி இருப்பதற்கு விலை கொடுக்கப்போகிறவர் வேறொருவர். அடுத்த வாரம் அதே விற்பவரின் பக்கத்தைத் திறந்து, நூற்றுக்கு நூறு என்ற எண்ணைப் பார்த்து, நம்பிப் பணம் கட்டப்போகிறவர் அவர். இந்தப் பேரத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதிப்பீடு எழுதும் வழக்கமே அந்த மூன்றாவது மனிதருக்காகப் பிறந்ததுதான். பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏலத்தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. ஆரம்பத்தில், ஏமாந்தவர்களும் ஏமாந்ததாக நினைத்தவர்களும் நேராக அவருக்கே மின்னஞ்சல் எழுதினார்கள். ஒற்றை ஆள் எத்தனை வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியும்? 1996 பிப்ரவரியில், வணிகம் செய்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க ஓர் ஏற்பாட்டைச் செய்தார். மனிதர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், சிலர் அப்படியில்லை, அந்தச் சிலரை வெளிச்சத்தில் நிறுத்தினால் போதும் என்பது அவருடைய நம்பிக்கை. பாராட்டுக்கு ஒரு புள்ளி ஏறும், குறைக்கு ஒரு புள்ளி இறங்கும், நடுநிலைக்கு மாற்றமில்லை. வேறு மாநிலத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குக் காசோலையை முதலில் அனுப்பிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருந்த காலம் அது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நின்ற அந்த எண்ணைத் தவிர அவர்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

அந்த எண் உண்மை பேசியதா? 1999ஆம் ஆண்டின் ஈபே விற்பனைகளை பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். வாங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் மதிப்பீடு எழுதியிருந்தார்கள். எழுதியவற்றில் நூற்றுக்கு 99 பாராட்டு; நெகட்டிவ் ஒரு சதவீதம்கூட இல்லை. எந்த ஊர்ச் சந்தையிலும் நூற்றுக்கு 99 பேர் மனநிறைவோடு வீடு திரும்புவதில்லை. இங்கே அச்சம் வேலை செய்தது. அன்று இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் நெகட்டிவ் போடலாம். வாங்கியவர் என்ன எழுதுகிறார் என்று விற்பவர் காத்திருப்பார். குறை எழுதினால் அதே நாளில் பதிலடி விழும். பிறகு, இருவரும் சேர்ந்து தத்தம் நெகட்டிவை விலக்கிக்கொள்ளலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு சமாதானப் பேச்சு. சிலர் பதிலடி போட்டதே இந்தப் பேரத்துக்காகத்தான். குறை சொன்னவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தான் சொன்ன உண்மையைத் தானே அழித்தார்.

2008 மே மாதத்திலிருந்து விற்பவர்கள் வாங்குபவர்மீது நெகட்டிவ் போட முடியாது என்று ஈபே முடிவெடுத்தது. அதையும் புதிய கட்டண முறையையும் எதிர்த்து அந்த ஆண்டு பிப்ரவரியில் விற்பவர்கள் பலர் ஒரு வாரம் பொருள்களைப் பட்டியலிடாமல் நிறுத்திவைத்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஏலத்தில் வென்றுவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போகிறவரைப் பற்றி மற்ற விற்பவர்களை எச்சரிக்க அவர்களுக்கு இனி வழியில்லை. ஆனாலும் பதிலடியின் கேட்டைப் பார்க்கும்போது ஈபே செய்தது சரியென்றே தோன்றுகிறது. பேனா ஒரு கைக்கு மட்டும் தரப்பட்டுவிட்டதால், அந்தக் கையின் பொறுப்பு அன்றோடு இரட்டிப்பானது. வாங்குபவர்களில் பலர் இதை இன்னும் உணரவில்லை.

ஒரு நெகட்டிவ் எவ்வளவு வலிக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லூயிஸ் கப்ரால், அலி ஹொர்தாச்சு இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 5 சதவீதம் வளர்ந்துவந்த விற்பனை, முதல் நெகட்டிவ் விழுந்தபின் வாரத்துக்கு 8 சதவீதம் சுருங்கத் தொடங்கியது. இருபதாயிரம் மதிப்பீடு வாங்கிய கடைக்காரருக்கு அது ஒரு கீறல். பன்னிரண்டு பொருள் விற்றவருக்கு அதுவே கடையை மூடவைக்கலாம். அதனால்தான் எழுதுமுன் கேட்பது கடமையாகிறது. தாத்தா விட்டுச்சென்ற அலமாரியைக் காலிசெய்யும் பேத்திக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதே தெரிந்திராது. வருடக்கணக்காகக் கேமரா விற்கும் ஒருவர் ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதுவது வேறு கதை. டார்ச் அடிக்க அவருக்கு அரை நிமிடம் போதும், அடிக்காமல் இருந்தது வசதிக்காக. குறை ஒன்றே ஆனாலும் குற்றம் ஒன்றல்ல. கேட்டறியாமல் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஈபே விதிப்படி விற்பவருக்குப் பதில் சொல்ல மூன்று வேலைநாள் உண்டு. அந்த மூன்று நாள் பொறுக்காமல் எழுதப்படும் மதிப்பீடு ஒரு தரப்பை மட்டும் கேட்ட தீர்ப்பு.

தகராறைத் தீர்க்கும் முறைகளிலும் இதே ஞானம்தான் வேரோடியிருக்கிறது. 1999இல் தொடங்கிய ஸ்குவேர்டிரேட் நிறுவனம் ஈபே வழக்குகளை எடுத்தபோது, இருவரையும் நேரடியாகத் தங்களுக்குள் பேசவைப்பதே முதல் படி. நடுவர் அதற்குப் பின்புதான். குறை என்ன, என்ன தீர்வு வேண்டும் என்று படிவத்தில் குறிக்கச் சொன்னார்கள். ‘நீ திருடன்’ என்று எழுதவந்தவர், ‘பொருளில் சொல்லாத குறை உள்ளது, பாதிப் பணம் வேண்டும்’ என்று எழுதவேண்டி வந்தது. கோபம் கோரிக்கையாக மாறியபின் பாதி வழக்குக்குத் தீர்வு தெரிந்துவிடும்.

வாங்குபவர்கள் செய்யும் ஓர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மனம் மாறித் திருப்பி அனுப்பினால் அனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவருடையது. பொருள் விவரித்தபடி இல்லையென்றால் விற்பவருடையது. ஆகவே ஏல வேகத்தில் விலையை ஏற்றிவிட்டு மறுநாள் வருந்துகிறவர், ‘விவரித்தபடி இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடுகிறார். தபால் செலவு மிச்சம். அது பொய்ச்சாட்சி. நெகட்டிவ் போடுவேன் என்று மிரட்டி விலையில் பாதியைத் திரும்பக் கேட்பதும் அதே வகை. ஈபே விதிகள் இந்த மிரட்டலையும் தடுக்கின்றன, பணத்தைத் திருப்ப நல்ல மதிப்பீட்டை நிபந்தனையாக வைப்பதையும் தடுக்கின்றன.

கேமராவுக்கு வருவோம். வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பட்டும், பணத்தைப் பெறட்டும், பிறகு நடந்ததை எழுதட்டும்: லென்ஸில் பூஞ்சை இருந்தது, சொன்ன மறுநாளே பணம் வந்தது. நீண்ட காலம் ஈபே தந்தது 80 எழுத்துகள்தான். அதற்குள்ளும் இந்த இரண்டு செய்தியும் அடங்கும். அறியாமல் விற்றவர் என்றால் நடுநிலையோ பாசிட்டிவோ தரலாம். தெரிந்தே மறைத்தவருக்குப் பணம் திரும்பிய பின்னும் நெகட்டிவ்தான். எப்படியும் குறை எழுதப்படும் என்றால் விற்பவர் எதற்காகத் திருத்த வேண்டும் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் பணம் திருப்பியது அவர் செலுத்திய கடன், காட்டிய சலுகையல்ல. தவிர, மறுநாளே பணம் தந்தார் என்ற வரியைப் படிப்பவர் அந்த விற்பவரிடம் இன்னும் துணிந்து வாங்குவார். குறையே இல்லாத பக்கம் அந்தத் துணிவைத் தராது.

எழுதியது தவறென்று பின்னால் தெரிந்தால்? லைட் மீட்டர் வேலை செய்யவில்லை என்று எழுதியிருப்பார். வேறு பேட்டரி போட்டதும் அது உயிர்பெறும். ஈபேயில் வாங்கியவர் தன் மதிப்பீட்டைத் தன்னிச்சையாக மாற்ற முடியாது, விற்பவர் திருத்தம் கோர வேண்டும். அந்தக் கோரிக்கைகளும் ஆண்டில் வரும் ஆயிரம் மதிப்பீட்டுக்கு ஐந்து என்ற அளவில்தான் அனுமதி. காயப்பட்ட விற்பவர் மறுபடி பேச வராமலும் போகலாம். எனவே முதல் கடிதத்தை வாங்கியவரே எழுத வேண்டும்: பிழை என்னுடையது, திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள், இன்றே மாற்றிவிடுகிறேன் என்று.