யார் முன்னே, யார் பின்னே?

மூணு பேர் வாசிக்கிறார்கள். ஆல்டோ சாக்சபோனில் மைக் ஆஸ்போர்ன், டபுள் பாஸில் ஹாரி மில்லர், டிரம்ஸில் லூயிஸ் மொஹோலோ. ‘பார்டர் கிராசிங்’ என்ற இந்த இசைத்தட்டு 1974இல் லண்டன் கிளப் ஒன்றில், ஆட்கள் முன்னால் வாசித்தபோதே பதிவானது. வெளியிட்டது ஹாரியும் அவர் மனைவி ஹேஸலும் சேர்ந்து நடத்திய ஓகன் என்ற சின்ன நிறுவனம். பிரிட்டிஷ் ஃப்ரீ ஜாஸ் என்கிறார்கள். மூவரில் பிரிட்டிஷ்காரர் என்னவோ ஒருத்தர்தான். மற்ற இருவரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். ஹாரி வெள்ளையர், லூயிஸ் கறுப்பர்.

குழுவின் பெயர் மைக் ஆஸ்போர்ன் ட்ரியோ. ஒருத்தர் பேரில் ஓடுகிற குழுவில் மூவரும் சமம் என்று சொல்வது நியாயமா? இதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

ஜாஸில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஊதுகிறவர் முன்னால்; டிரம்ஸ்காரர் பின்னால் உட்கார்ந்து காலம் காட்ட வேண்டும். மேக்ஸ் ரோச் மாதிரி ஆட்கள் 1940களிலேயே அதை அசைத்துவிட்டார்கள் என்றாலும் முழுசா ஒழியவில்லை. இங்கே லூயிஸ் யாருக்கும் காலம் காட்டிக்கொண்டிருக்கவில்லை. மைக் ஒரு வரியைப் பிடித்து வேகமாக ஏறுகிறார்; லூயிஸ் பின்தொடராமல் குறுக்கே விழுகிறார். மைக் தன் வரியை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போகிறார். ஹாரியின் பாஸ் இருவரையும் சமாதானப்படுத்துவதில்லை, இன்னும் நெட்டித் தள்ளுகிறது. இடம் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவரவர் எடுத்துக்கொண்ட இடம் அது.

இதைக் கேட்டதும் கறுப்பு டிரம்ஸ்காரருக்கு ‘ஆற்றல்’, வெள்ளை சாக்சபோனுக்கு ‘சிந்தனை’ என்று பிரித்துக் கொடுக்கத் தோன்றும். உடம்பு ஒருத்தருக்கு, மூளை ஒருத்தருக்கு! எப்போது குறுக்கே விழ வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பது சிந்தனை இல்லாமல் வேறென்ன?

நம்மாட்களும் ஒரு தப்பு செய்வோம். லூயிஸ் அடிப்பதெல்லாம் ஒடுக்கப்பட்டவனின் ஓலம் என்று எழுதிவிட்டால் வசதி. வரலாறும் கைகொடுக்கும். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த ‘ப்ளூ நோட்ஸ்’ குழுவோடு 1964இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். கலந்து வாசிப்பதையும் கலந்து உட்கார்ந்து கேட்பதையும் நிறவெறிச் சட்டங்கள் நெரித்துக்கொண்டிருந்த காலம். ஹாரியும் அவரும் லண்டனில் தோளோடு தோள் நின்ற மாதிரி அங்கே நின்றிருக்க முடியாது. அதற்காக ஒவ்வொரு அடியையும் சாட்சியமாக்கினால், விளையாட, குறும்பு செய்ய, சும்மா அழகுக்காக அடிக்க அவருக்கு உரிமை இல்லையா? அதுவும் ஒரு மூலையில் உட்கார வைப்பதுதானே.

மேடையில் கிடைத்த சமத்துவம் வெளியே நீடித்ததா என்றால், லூயிஸ் தன் ஊரான கேப் டவுனுக்குத் திரும்பி வாழ 2005 ஆகிவிட்டது. ஹாரி 1983இலேயே விபத்தில் போய்விட்டார், சட்டங்கள் ஒழிந்ததைப் பார்க்கவில்லை. மைக்கோ மனநோயால் 1980களின் தொடக்கத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனாலும் அந்த ராத்திரி பொய்யில்லை. தட்டை மறுபடி போட்டுக் கேட்கிறேன். யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்துக்கொண்டே வருகிறேன். கொஞ்ச நேரத்தில் கணக்குத் தவறிவிடுகிறது.