அழைத்து வைத்துக் கொல்வது நியாயமா?

கடை வைத்து நடத்தும் நமக்கு எலியைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிசி மூட்டை உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் நஷ்டமும் உண்டு. ஆகவே எலிப்பொறியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்கள் சிரிக்க வேண்டாம். நம் கடையில் நடந்த ஒரு சிறு சம்பவமும், அப்பொழுது கடைப் பையன் கேட்ட ஒரு கேள்வியும் பல நாட்களாக நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. நாம் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. அந்த அளவில் யோசித்ததை எழுதுகிறோம். பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துவார்களாக.

பூன் லேயில் அடுக்குமாடி வீடுகளின் கீழே நமக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. சென்ற ஆண்டு கடையின் பின்கட்டில் எலித் தொல்லை மிகுந்துவிட்டது. பருப்பு மூட்டையில் ஓட்டை, மசாலாப் பொட்டலத்தில் பல் தடம், காலையில் வந்து பார்த்தால் தரையெங்கும் புழுக்கை. தெரிந்தவர் ஒருவரின் யோசனைப்படி பசை அட்டைகளை வாங்கி, அவற்றின் நடுவில் வறுத்த நெத்திலியை வைத்துவிட்டு இரவு கடையைப் பூட்டினோம். வாடை நன்றாக வீசவேண்டும் என்று நெத்திலியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டோம்.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்தபோதே கீச்சென்ற சத்தம் கேட்டது. ஓர் அட்டையில் எலி ஒன்று உயிரோடு ஒட்டிக் கிடந்தது. இரவெல்லாம் இழுத்து இழுத்து அதன் தோல் பல இடங்களில் உரிந்திருந்தது. மற்றோர் அட்டையில் எலி இல்லை. ஒரு பல்லியும், நடைபாதையில் திரியும் தாய்ப்பூனையின் குட்டி ஒன்றும் ஒட்டியிருந்தன. பல்லி இறந்துவிட்டது. குட்டியின் இரண்டு கால்களும் ஒரு பக்கத்து மயிரும் பசையில் புதைந்திருந்தன. கத்திக் கத்தி அதற்குக் குரலும் போய்விட்டது.

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் நம்மிடம் வேலை செய்கிறான். அவன்தான் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தேய்த்து, முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்து குட்டியை விடுவித்தான். எலியை ஒரே அடியில் நாம் முடித்தோம். பிறகு கையைக் கழுவிக்கொண்டே அவன் கேட்டான்:

"முதலாளி, அது திருட வந்து மாட்டியிருந்தா எனக்கு ஒண்ணும் தோணாது. நாமதானே நெத்திலி வச்சுக் கூப்பிட்டோம்? கூப்பிட்டு வச்சுக் கொல்றது சரியா?"

"எலியைக் கொல்ல நமக்கு அனுமதி இருக்கிறது, தம்பி" என்றோம்.

"எலிக்கு இருக்கு. பூனைக்குட்டிக்கு?" என்றான். நமக்குப் பதில் வரவில்லை.

இனி அந்தக் கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

இரை வைத்துப் பிடிப்பது மனிதனுக்குப் பழைய தொழில். நாம் சிறுவராய் ஊரில் இருந்த காலத்தில், கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கூவச் செய்து, அதன் குரலைக் கேட்டு வரும் கௌதாரிகளைக் கண்ணியில் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிப்பதற்குப் பார்வை வைத்துப் பிடித்தல் என்று பெயர். நரிக்குறவர்கள் நரியைப்போலவே ஊளையிட்டு நரியை வரவழைத்த கதையும் நாம் அறிந்ததே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய வேட்டைகளுக்கு இந்தியாவில் இடமில்லை.

அமெரிக்காவில் கொயோட்டி என்று ஒரு பிராணி உண்டு. ஏறத்தாழ நம் நரியைப் போன்றது. தோலுக்காகவும், ஆட்டு மந்தையைக் காப்பதற்காகவும் அதைப் பிடிக்கிறார்கள். அது மிகவும் சந்தேகப் பிராணி. மனித வாடை பட்ட இடத்தில் எளிதில் கால் வைக்காது. ஆகவே பொறி வைப்பவர் இரும்புப் பொறியை மரப்பட்டைச் சாயத்தில் கொதிக்க வைத்து வாடையைப் போக்குகிறார், கையுறை மாட்டிக்கொள்கிறார். வேறொரு பிராணி தின்று மிச்சத்தைப் புதைத்து வைத்ததுபோல் ஒரு சிறு குழி தோண்டி, அதில் இறைச்சித் துண்டை இடுகிறார். குழியின் முன்னே மண்ணுக்கடியில் பொறி இருக்கும். பக்கத்தில் வேறொரு கொயோட்டியின் சிறுநீரைச் சில சொட்டு விடுகிறார். நம் எல்லைக்குள் வந்த அந்நியன் யார் என்று முகர்ந்து பார்க்க வந்த பிராணியின் கால் பொறியில் சிக்குகிறது.

இங்கே இரண்டு விதமான தூண்டுதலைக் காண்கிறோம். இறைச்சி பசியைத் தூண்டுகிறது. சிறுநீர் வாடையோ தன் இடத்தையும் இனத்தையும் பற்றிய உணர்வைத் தூண்டுகிறது. இரண்டும் அந்தப் பிராணி உயிர் வாழ்வதற்காக இறைவன் கொடுத்தவை. வாழ்வதற்குக் கொடுத்ததையே சாவதற்கு வழியாக்குவதுதான் பொறியின் சூட்சுமம். நேயர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொறி வைப்பவரின் திறமை இரையைக் காட்டுவதில் பாதி. தன்னை மறைத்துக்கொள்வதில் பாதி.

அப்படியானால் இரை வைப்பது எல்லாமே பாவமா? அப்படிச் சொல்ல முடியாது. பழக்கிய நாயைக்கொண்டு வேட்டையாட மார்க்கம் இடம் தந்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் பலர் தூண்டில் போட்டுப் பிழைத்தவர்கள். தீங்கு செய்யும் ஜந்துக்களில் எலியும் எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் அதே மார்க்கத்தில், அறுக்கும் பிராணிக்குக்கூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு அதன் வேதனையைக் குறைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி என்ன என்பதை மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவரும் அறிவோம். கொல்வதற்கு அனுமதி கிடைத்தால் வதைப்பதற்கும் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

எனவே பொறி வைப்பவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. இது அவசியந்தானா? உயிர் விரைவில் போகுமா? வேண்டாத பிராணி அதில் விழாமல் பார்த்துக்கொள்ள நாம் இருக்கிறோமா? நம் பசை அட்டை முதல் கேள்விக்கு ஒருவாறு பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் சொல்லாது. இரவு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம். எது வந்தது, எவ்வளவு நேரம் துடித்தது என்பது நமக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நம் குற்றம். அமெரிக்காவில்கூடப் பல மாநிலங்களில், பொறி வைத்தவர் நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இதைப் பிற நாட்டவரும் யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1991-இல் விதி செய்து, காலைக் கவ்வும் பொறியை 1995 முதல் நிறுத்தின. இங்கிலாந்தில் பசை அட்டையைப் பற்றி 2022-இல் சட்டம் இயற்றினார்கள்; 2024 ஜூலை 31 முதல் அங்கே உரிமம் பெற்ற தொழிலாளர் தவிர வேறு எவரும் எலிக்கு அதை வைக்கக் கூடாது. எலிக்காக ஒரு பாராளுமன்றம் உட்கார்ந்து பேசியிருக்கிறது என்றால், அது வெறும் பையனின் கேள்வியன்று.

நண்பரான ஒரு வியாபாரியிடம் இதைச் சொன்னோம். "இப்படியெல்லாம் பார்த்தால் கடை நடத்த முடியுமா? எலியால் காய்ச்சல் வருகிறது. அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம். வாங்க வருகிறவன் ஒரு எலியைக் கண்டால் மறுபடி வருவானா?" என்றார். அவர் சொன்னது நியாயமே. எலி இருக்கலாகாது. மனிதர் தின்னும் பண்டத்தை விற்கிற நமக்கு அது கடமை. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நண்பர் போனபின் பின்கட்டில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தோம். அப்போதுதான் ஓர் உண்மை விளங்கியது. நாம் நெத்திலி வைத்தது ஓர் இரவுதான். அதற்கு முன்பே பல மாதங்களாக நாம் எலிக்கு இரை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறோம்! வாய் கட்டாத பருப்பு மூட்டை, தரையில் சிந்திய அரிசி, சுவரோரம் குவித்த காலி அட்டைப் பெட்டிகள், கதவடியில் கட்டைவிரல் நுழையும் சந்து, மூடியில்லாத குப்பைத் தொட்டி. போதாததற்கு, மிஞ்சிய சோற்றைப் புறாவுக்குத் தர்மம் என்று பின்வாசலில் போட்டுவந்தோம். பகலில் புறா தின்றது. இரவில் மிச்சத்தை எலி தின்றது. 2020-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி இந்நாட்டில் அனுமதியின்றிக் காட்டுப் பிராணிகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. புறாவும் அதில் அடங்கும். இரக்கத்துக்கு ஏன் அபராதம் என்று முன்பு நினைத்தோம். கையிலிருந்து தின்று பழகிய குரங்கு பிறகு பையைப் பறிக்கிறது. பறித்ததும் அதற்குக் கூண்டு வைக்கிறார்கள். யோசியாமல் போட்ட தீனியும் இரைதான் என்பது இப்போது புரிகிறது.

ஆகவே பையனின் கேள்விக்கு நாம் கண்ட பதில் இதுவே: நம் சோம்பலால் அழைத்துவிட்டு, வந்த குற்றத்துக்காகக் கொல்வது நியாயமன்று. முதலில் அழைப்பை நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் வந்தால் விரைவில் முடிக்க வேண்டும். மூட்டைகளை உயரமான தட்டுகளில் ஏற்றினோம். பருப்பையும் மாவையும் மூடியுள்ள டப்பாக்களில் கொட்டினோம். சந்துகளை அடைத்தோம். பசை அட்டைகளை எறிந்துவிட்டு, பூனைக்குட்டி நுழைய முடியாத பெட்டிக்குள் விற்பொறி வைத்து, இரவு பூட்டும்போதும் காலை திறக்கும்போதும் பார்க்கிறோம். எலி அடியோடு ஒழிந்ததென்று சொல்லமாட்டோம், மிகவும் குறைந்திருக்கிறது. சிந்திக் கிடந்த தீனி போனபின் பொறியும் முன்னைவிட நன்றாகப் பிடிக்கிறது. பக்கத்தில் விருந்து இருக்கும்போது பொறியிலுள்ள ஒரு துண்டை எந்த எலி தேடும்?

இதோடு முடித்திருந்தால் நமக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

சில வாரங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் தங்கி வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் கடைக்கு வந்தார். முந்திய வாரம் நம்மிடம் 3 கிலோ வெங்காயப் பை வாங்கியவர். அறையில் எட்டுப் பேருக்குச் சமைப்பது அவர் முறையாம். பையை மேசைமேல் வைத்தார். மேலே இருந்தவை நல்ல வெங்காயம். நடுவில் இருந்தவை அழுகல். "பாய், மேல பாத்து நம்பி வாங்குனேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பை கட்டியது பையன். ஆனால் அப்படிக் கட்டச் சொன்னவர் நாம். பழைய சரக்கு வீணாகக் கூடாது என்று நாமே சொல்லிக் கொடுத்தோம். பையன் அப்போது நம் முகத்தைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான். எலிக்கு இரக்கம் காட்டியவர் என்று அவனிடம் நாம் சம்பாதித்திருந்த மரியாதை அந்த நொடியில் என்னவாயிற்று என்பதை எழுதத் தேவையில்லை.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கண்டித்ததும் நமக்குத் தெரியாததா? எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மேலே இருந்த உலர்ந்த தானியம் இரை. அடியில் இருந்த ஈரம் பொறி. நம் வெங்காயப் பையும் அதுவே. எலியிடம் பொறியைப் பற்றிச் சொல்ல நமக்கு மொழியில்லை; மனிதனிடம் சொல்ல மொழி இருந்தும் வாயை மூடிக்கொள்கிறோம். கொயோட்டியைப் பிடிப்பவர் கையுறை மாட்டித் தம்மை மறைக்கிறார். நாம் மாட்டியிருக்கும் கையுறை நம் நல்ல பெயர். நம்பி வந்தவர் அதைத்தான் முகர்ந்து வந்தார்.

அவருக்கு வேறு வெங்காயம் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதன்பின் அவர் நம் கடைக்கு வரவில்லை. பழைய வெங்காயத்தை இப்போது தனிக் கூடையில் போட்டு, பழையது என்று எழுதிப் பாதி விலைக்கு விற்கிறோம். அதையும் வாங்க ஆள் வருகிறார்கள், தெரிந்து வாங்குகிறார்கள். வாரத்துக்குச் சில வெள்ளி நஷ்டந்தான்.

விலையைக் குறைத்து எழுதுவதும், பண்டத்தை அழகாக அடுக்குவதும் குற்றமல்ல. காட்டியது உள்ளேயும் இருக்குமானால் அது அழைப்பு. இல்லாவிட்டால் அது பொறி. வியாபாரிகளான சகோதரர்கள் இன்றிரவு கடை அடைக்குமுன் ஒருமுறை பின்கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு முன்புறம் அடுக்கியிருக்கும் பைகளுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.