சிறு பொறியும் பெருங் காடும்



அர்ச். யாகப்பர் தமது நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மனிதனுடைய நாவினால் வரும் கேட்டை விளக்கும்போது, சிறு நெருப்பால் பெருங்காடு எரிந்துபோவதையே உவமையாக எடுத்துக்கொண்டார். நமது தர்மபுரி மாவட்டத்திலோ, மாசி பங்குனி மாதங்களில் அது உவமையாக நில்லாமல் கண்முன் நடக்கும் காரியமாகிறது. தபசுகாலமும் காட்டுத்தீக் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. ஆகையால் இந்த வாரம் காட்டைக் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளிலும், பாலக்கோடு, சித்தேரி, வத்தல்மலைப் பக்கங்களிலும் கோடை நெருங்கும்போது மரங்கள் இலையுதிர்க்கின்றன. தரையெங்கும் சருகு. அப்போது தீப்பிடித்தால், மூங்கிலோடு மூங்கில் உரசிற்று என்று வாயில்லா மரத்தின்மேல் பழி போடுவது நமது வழக்கம். உண்மை அதுவல்ல. நம் தேசத்துக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதன் கையால் மூளுவதே. தொப்பூர் கணவாயில் வண்டியிலிருந்து எறியும் பீடித் துண்டு, காட்டோரக் கொல்லையில் கொளுத்தும் கரும்புச் சோகை, தேனெடுக்கப் பிடிக்கும் தீப்பந்தம், ஆற்றோரம் சமைத்துவிட்டு அணைக்காமல் போகும் அடுப்பு ஆகிய இவைகளே அந்தச் சிறு பொறிகள்.

"புதுப் புல் முளைக்கட்டும் என்று மலையில் தீ வைக்கிறோம், இதில் என்ன பாவம்?" என்று ஆடு மாடு மேய்ப்பவர் சிலர் கேட்கலாம். அவர்களுடைய கஷ்டத்தை நாம் அற்பமாக எண்ணலாகாது. பங்குனி வெயிலில் பசித்த மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. ஆனால் தீக்குப்பின் முளைக்கும் பசும்புல் சில வாரத்து லாபம். மரக்கன்றுகளும் விதைகளும் சாம்பலாகின்றன; வெறுந்தரையின் மண்ணை முதல் மழையே அடித்துச் செல்கிறது. மாடு தின்னாத உண்ணிச்செடியோ எரிந்த பின்னும் வேரிலிருந்து தழைத்துப் படர்கிறது. இப்படி ஆண்டுதோறும் கொளுத்துகிறவன் தன் பிள்ளையின் மேய்ச்சலைத் தானே அழிக்கிறான். காடு எல்லாருக்கும் உரிய பொருள். அதை அறிந்து அழிப்பது ஏழாம் கற்பனையை மீறுவதாகும். ஒதுக்குக் காட்டில் தீ மூட்டுவதை 1882-ம் ஆண்டின் வனச்சட்டமும் குற்றமென்கிறது.

சில வேளை ஐந்தாம் கற்பனையும் இதில் சேருகிறது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை மறந்துவிட்டோமா? மலையேறச் சென்றவர்களைத் தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் அதிகமானவர்கள், பெரும்பாலும் வாலிபப் பிராயத்தினர், மாண்டார்கள். வனத்துறை, தீயணைப்புத்துறை, போலீஸ், விமானப்படை எல்லாரும் அங்கே ஓடினார்கள். மலையடிவாரத்து ஜனங்களும் இருட்டில் ஏறிப்போய்க் காயப்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். தீ மூண்டபின் கூடிய அத்தனை கைகளும் தீ மூளுமுன் கூடவேண்டும் என்பதே அந்தச் சாவுகள் நமக்குச் சொல்லும் பாடம்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஒரே சரீரத்தின் பல அவயவங்களைப்பற்றிப் போதித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் அப்படியே. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அது கண், ஆனால் நாள் முழுதும் நம் மலைமேலேயே நிற்கும் கண்ணல்ல, நாளில் சில தடவை மட்டும் கடந்துபோகும் கண். தர்மபுரி, அரூர் வனக்கோட்டங்களின் காவலர்கள் கோடைக்கு முன்னே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். அவர்கள் கை, ஆனால் காவிரி தெற்கு சரணாலயம் மட்டுமே கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டங்களிலுமாக ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டர். தீயணைப்பு வண்டியில் தண்ணீர் உண்டு. பாதையில்லாத மலையில் அது ஏறாது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இவர்களை ஒன்றுகூட்டும் பொறுப்பு கலெக்டருடையது. ஆனாலும் எந்தத் துறைக்கும் இல்லாத ஒன்று மலையோரத்துக் குடியானவனிடம் இருக்கிறது. முதல் புகையைக் காண்பவன் அவன். ஒற்றையடிப் பாதையை அறிந்தவனும் அவனே.

அவன் ஏன் மௌனமாயிருக்கிறான்? "சொல்லப்போனால் என்மேலேயே கேஸ் போடுவார்கள்" என்று பயப்படுகிறான். இந்தப் பயம் வீண் என்று நாம் தள்ளிவிட முடியாது. அதிகாரிகளே, செய்தி சொல்ல வந்தவனைக் குற்றவாளிபோல விசாரிக்காதீர்கள். ஒருவனை அப்படி விரட்டினால் ஊரெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். சகோதரரே, நீங்களும் பயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு கண்ட தீயை மறைக்காதீர்கள். தீ வைத்தவன் ஒருவன்; பார்த்தும் பேசாதிருந்தவன் அவனுக்குத் துணை போனவன்.

ஆகையால் இந்தத் தபசுகாலத்தில் சில காரியங்களைச் செய்யுங்கள். 101, 112 என்னும் எண்களையும், உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கொல்லையில் சோகை கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்புங்கள். கிராம வனக்குழு கூடும்போது போய் உட்காருங்கள். மேய்ச்சலுக்கு என்ன வழி என்று அங்கே தைரியமாய்க் கேளுங்கள். உபதேசியாரும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குக் காட்டுத்தீயின் கேட்டைச் சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளை கேட்டு வந்ததை வீட்டில் சொன்னால் தகப்பனும் கேட்பான். புகையைக் கண்டால் தனியாக மலையேறி உயிரை இழக்காதீர்கள், முதலில் சொல்லியனுப்புங்கள்.

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் நாம் மண் என்பதை நினைப்பூட்டிற்று. அந்தச் சாம்பலே இந்த வருஷத்துக்குப் போதும். நமது மலைகள் சாம்பலாக வேண்டாம். அவைகளைப் படைத்து நம் கையில் ஒப்புவித்த சர்வேசுரன், அவைகளைக் காக்கும் நல்ல மனதையும் நமக்குத் தந்தருள்வாராக.

ஆமென்.